அம்புறோஸின் திரு இருதயம்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கோட்-டெ-நெய்ஜில், எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் இருக்கும் அம்புறோஸ், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர். அதில் எனக்கு ஒரு இளக்காரமும் இல்லை. என் அப்பாவும் கூலிதான். ஆனால் தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நினைக்கிற மனிதரை எப்படி மதிப்பது?

2006இல் அவர் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்த கையோடு நகரத்துக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் காணியைக் கிண்ட விட்டிருந்தார். சோடா மூடி கிடைத்தால் பிரெஞ்சு அரசனின் காசு என்பார். ஆணி கிடைத்தால் கப்பல் என்பார்.

ஜூலையில் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் துண்டு அகப்பட்டது. இருதய வடிவம், நடுவில் ஓட்டை. யேசுவின் திரு இருதயம், ஓட்டை ஈட்டி குத்தின காயம் என்று முடிவுகட்டி, பழப்புளி போட்டுத் தேய்த்து, சிவப்புப் பட்டில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். சனம் வரிசையில் நின்று முத்தமிட்டது. ஆவணித் திருவிழாவில் மாதா கூட்டைத் தூக்கும் முன் கொம்பு அவர் தோளுக்கு என்று செபமாலை என்கிற திருவிழாக் குழுத் தலைவர் வாக்குக் கொடுத்துவிட்டார். பதினொரு வருடமாகக் கேட்டும் அம்புறோஸுக்குக் கிடைக்காத இடம் அது.

இருதயத்தைப் பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதப் படித்தவன் வேண்டுமாம். எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி நான், அதுவும் இயந்திரப் பொறியியல். தலைவர் செபமாலையோடு அம்புறோஸ் வீட்டுக்குப் போனேன்.

"முந்நூறு வருசப் பழசு எண்டு போடும், தம்பி," என்றார் அம்புறோஸ்.

"எப்பிடித் தெரியும் அண்ணை?"

"பார்த்தாத் தெரியாதே? இதெல்லாம் யூனிவர்சிட்டியில சொல்லித் தரமாட்டாங்கள்."

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க ஓரம் டப்பா மூடிபோல மடிந்திருந்தது. ஓட்டை மேலே வட்டம், கீழே கீறல். அதன் மேல் ஏதோ ஆடி ஆடித் தேய்ந்த வளைவு.

"இதோட வேற ஏதும் கிடந்ததோ?"

அம்புறோஸின் மனைவி யோசெப்பின், ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். "இந்தக் கறளையும் எறிய விடுறாரில்லை."

உள்ளே துருவேறி வளைந்த இரும்புக் கம்பி, ஒரு சின்னப் பித்தளை மூடி, கறள் பிடித்த சுருள்வில். கம்பி இருதயத்தின் இரு தோள்களிலும் சரியாக இறங்கியது. மூடியை வைத்தேன். ஓட்டையை அளவெடுத்ததுபோல மறைத்தது.

"அண்ணை, இது ஆமைப் பூட்டு. பெட்டியில கொழுவிப் பூட்டுறது."

"சனம் பூட்டையே கொஞ்சினது?" என்றார் செபமாலை. அம்புறோஸின் மனைவி தன் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அம்புறோஸ் பூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பூட்டு இல்லையெண்டு நான் எப்ப சொன்னனான்? அந்தக் காலத்துக் கோயில் நற்கருணைப் பேழையின்ர பூட்டு. திறப்பைக் காட்டினால் நம்புவியளோ?"

"கொண்டு வாரும். கூடு தூக்கிறதைப் பேந்து பார்ப்பம்," என்றார் செபமாலை.

திருவிழாவில் முன் கொம்பு வேறொரு தோளில் ஏறியது. அன்றும் அம்புறோஸ் காணியைக் கிண்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம், பூசை கலைந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது, பூட்டின் சாவி இதுதான் என்று செபமாலையின் கையில் ஒரு திறப்பை வைத்தார். அதற்குப் பல் இல்லை. நுனியில் நீளமாக ஒரு வெட்டு மட்டும். செபமாலை என்னைப் பார்த்தார்.

"மீன் டின்னின்ர மூடியைச் சுருட்டித் திறக்கிற திறப்பு," என்றேன்.

அம்புறோஸ் அதை வாங்கிச் சிவப்புப் பட்டில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"உமக்குத் தெரிஞ்சது மீன் டின்தானே," என்றார்.