வெண்டி நீமி சியாட்டில் போக முடிவெடுத்தது

சியாட்டிலில் இருக்கும் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி இரண்டாவது முறையாக வேலைக்குக் கூப்பிட்டபோது வெண்டி நீமிக்கு நாற்பத்தேழு வயது. முதல் முறை கூப்பிட்டபோது முப்பத்தாறு. அப்போது அவள் வரமுடியாது என்று எழுதிவிட்டாள். ஏன் என்று எழுதவில்லை. பனி கொட்டும் இந்த துலூத் துறைமுக ஊரில் எங்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். அடுத்த வீடு பற்றி எரிந்தாலும், "இன்னிக்குக் கொஞ்சம் வெக்கையா இருக்கில்ல?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

காரணம் அவள் கணவன் கர்ட். நகராட்சியின் பனி அள்ளும் வண்டிகளைப் பழுது பார்ப்பவன், நல்ல கைராசிக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். அந்த வருஷம் அவன் மொடாக் குடியனாக இருந்தான். ஜனவரி மாதக் காலை ஒன்றில், வீட்டு வாசலிலேயே எஞ்சின் அணைந்த காருக்குள் குடித்துவிட்டுக் குளிரில் விறைத்துக் கிடந்தவனை வெண்டிதான் தனியாளாக இழுத்து வந்து உள்ளே போட்டாள். அன்றைக்குப் பகல் அவனுக்கு ஆஸ்பத்திரியில் சூடேற்றிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடி கம்பெனிக்கு அந்தப் பதிலை அனுப்பினாள்.

அவள் சுரங்கத்து மகள். அப்பா இரும்பு வெட்டியவர். ஊர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த அவளுடைய வகுப்பில் கொஞ்சம் மூளை இருந்தவர்கள் எல்லாரும் மேற்கே கிளம்பிப் போனார்கள். எல்லாரையும்விட மூளை இருந்தவள் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் பின்னறையில் உட்கார்ந்து, சர்வர்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டாள். அதில் அவள் புலி. எச்சரிக்கை மணி அடித்தால் எல்லாரும் ஓடி வருவார்கள். ரொம்ப நாள் அடிக்காத மணியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள். ஆபீசில் சொன்னதை வீட்டுக்கு எடுத்துப்போக அவளுக்குத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் தோன்றுகிறதா என்ன?

கர்ட் அந்த ஜனவரிக்குப் பிறகு நிறுத்திவிட்டான். எளிதாக இல்லை, இரண்டு தடவை சறுக்கித்தான் நின்றான். செவ்வாய்க்கிழமைதோறும் லூத்தரன் தேவாலயத்தின் நிலவறையில் குடியை விட்டவர்கள் கூடுவார்கள். அங்கே லவர்ன் என்ற பழைய கப்பல் சமையல்காரர் அவனுக்குத் துணையாள். எந்நேரமும் கூப்பிடலாம், எதையும் சொல்லலாம். வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டானது. வெண்டி அவன் வாயை முகர்ந்து பார்க்க மாட்டாள், எங்கே போனாய் என்று கேட்க மாட்டாள். தப்பாக ஏதாவது நடந்தால் அவனாகவே "வெண்டி" என்று தொடங்குவான். அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்காருவாள். அவன் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டாள். ஒரு தடவை பாட்டில் வாங்கி ஏரியில் எறிந்ததைச் சொன்னான். ஒரு தடவை செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனதாகச் சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போனதைச் சொன்னான். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் அதிகம் அழுதான். இப்படிப்பட்ட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்: குடி வாசலுக்கு வருவதற்கு முன்னால் பொய் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது அழைப்பு பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி வந்தது. பழைய வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே அவள் பெயரைச் சொல்லியிருந்தாள். அடுக்கடுக்காக நேர்காணல். அவளில் பாதி வயதுப் பையன்கள் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எடுத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, சியாட்டிலுக்கு வந்துவிட வேண்டும், வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது.

சமையலறையில் காட்டரிசி சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது கர்டிடம் சொன்னாள்.

"போலாம்," என்றான் அவன். கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் இன்னும் முழுசாச் சொல்லி முடிக்கலடா."

"சொல்லி முடிச்சாலும் போலாம்தான். ஒரு தடவ என்னால கெட்டுச்சு. ரெண்டாவது தடவயும் என்னாலன்னு ஆச்சுன்னா உங்கப்பா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பாரு."

"உன் வேலை?"

"அங்க பனியே பெய்யாதாம். மழைய அள்ள ஆள் வேணுமான்னு கேக்கறேன்."

அவள் சிரித்தாள். அவனைக் கட்டிக்கொண்டாள். அந்த நிமிஷம் அவள் பட்ட சந்தோஷத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வாரமே அவன் ஏரி உறைந்ததும் இழுத்துப் போய் நிறுத்தும் மீன்பிடிக் கொட்டகையை, தன் கையால் கட்டியதை, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தான். கராஜைக் கூட்டிப் பெருக்கினான். காலையில் சீட்டி அடித்தான். கர்ட் நீமி காலையில் சீட்டி அடித்து யாரும் பார்த்ததில்லை. வெண்டி கண்டதும் சந்தோஷப்பட்டாள். இவ்வளவு கெட்டிக்காரிக்கு இது உறைக்க வேண்டாமா?

லவர்னுக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்து கர்ட் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, அவனை அழைத்துப்போக வந்திருந்த வெண்டியைத் தேவாலயத்து வாசலில் நிறுத்தினார்.

"ஏம்மா, போலாமான்னு கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"போலாம்னான்."

"ஒடனேயா?"

"ஒடனே. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள."

கிழவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "குடிய விட்ட எங்காளுங்க ஒடனே சரின்னா, உள்ள எதையோ மறைக்கறாங்கன்னு எனக்குப் பயம்மா. சண்டை போட்டான்னா நல்லது. ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான்னா ரொம்ப நல்லது."

"அப்ப போக வேணாங்கறீங்களா?" அவள் குரல் ஏறிவிட்டது.

"நான் ஏம்மா சொல்லப்போறேன்? போ, இருன்னு சொல்றது எங்க வழக்கத்துலயே கிடையாது. சியாட்டில்ல எனக்கு ஒரு பழைய சிநேகிதன் இருக்கான். அவன் எப்பவோ போய்க்கிட்டிருந்த கூட்டத்தோட வெலாசத்தக் கேட்டுத் தரேன். அங்க போய் எறங்கினதும், பெட்டியத் தொறக்கறதுக்கு முன்னாடி, கர்ட் அந்தக் கூட்டத்துல போய் உக்காரணும். அது ஒண்ணு நடந்துச்சுன்னா எனக்குப் போதும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெண்டிக்கு எரிச்சலாக இருந்தது. கிழவருக்குப் பொறாமை என்று நினைத்தாள். அப்படி நினைத்தால்தான் அவளால் வண்டி ஓட்ட முடிந்தது.

கம்பெனி அவர்கள் இருவரையும் ஊரைப் பார்க்க, வீடு பார்க்க வரவழைத்தது. விமானம், ஹோட்டல், வீடு காட்ட ப்ரியானா என்று ஒரு பெண், எல்லாம் அவர்கள் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் ஃபோனில் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று அழுத்த வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் போய் இறங்கினார்கள். லவர்ன் சொன்ன தேவாலயம் ஹோட்டலிலிருந்து நடக்கிற தூரம். செயின்ட் ஓலாஃப். வெண்டியே கர்டின் ஃபோனில் வழியைப் போட்டுக் கொடுத்தாள். பெட்டிகள் திறக்காமல் கிடந்தன. அவன் போய்விட்டு, கூட்டம் நடக்கிற நேரமும் நடை நேரமும் சரியாகக் கழிந்த பிறகு வந்தான். மழையில் தோள் நனைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?" வழக்கத்தை மீறி அவள் கேட்டுவிட்டாள்.

"நல்ல கூட்டம். நம்மூரவிட ஆள் ஜாஸ்தி. மீன் படகுல இருந்த ஒரு கெழவர் பேசினாரு பாரு, அப்படியே லவர்ன் மாதிரி. காபிதான் பெயிண்ட் மாதிரி இருந்துச்சு."

"எல்லா ஊர்லயும் அந்தக் காபியப் போடறது ஒரே ஆளுதான் போல."

"பாதிரியாரா இருக்கும்," என்றான். இருவரும் சிரித்தார்கள். வெண்டி அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் ப்ரியானா காரில் வந்தாள். தேன் ஒழுகப் பேசுகிற பெண். பள்ளிக்கூடம், பூங்கா, ரயில், எல்லாவற்றையும் தானே பெற்று வளர்த்தவள் மாதிரி காட்டினாள். வெண்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள், கர்ட் பின்னால். மத்தியானத்துக்குமேல் ஹோட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் வண்டி சிக்னலில் நின்றது. வலதுபக்கம் ஒரு முனை முழுக்க வேலி. வேலிக்குள்ளே பெரிய பள்ளம், அடியில் தண்ணீர் தேங்கி நின்றது, ஒரு கிரேன்.

"இத விட்டுட்டனே! இந்த எடத்த நல்லாப் பாத்துக்குங்க வெண்டி," என்றாள் ப்ரியானா. "பழைய சர்ச்சு ஒண்ணு இருந்துச்சு. போன கோடையிலயே இடிச்சாச்சு. இருபது மாடி வருது. உங்க கம்பெனிக்காரங்கதான் இப்பவே போட்டி போட்டுக்கிட்டு பதிஞ்சு வக்கறாங்க."

வேலியில் பழைய பலகை ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. செயின்ட் ஓலாஃப் என்று எழுத்து மங்காமல் இருந்தது.

வெண்டி படித்தாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் கர்டின் முகம் தெரிந்தது. அவனும் படித்துவிட்டு இடதுபக்கம் திரும்பி, அங்கே ஒன்றுமில்லாத ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் படகுக் கிழவரும் பெயிண்ட் காபியும் முழுப் பூசணிக்காய்கள். சோறு எங்கே இருக்கிறது மறைக்க? அந்த ஒன்றரை மணி நேரம் அவன் எங்கே இருந்தான்? நேற்று அவன்மேல் வாடை இல்லை. அது அவளுக்கு நிச்சயம். நிச்சயமா?

சிக்னல் விழுந்தது. "அழகான முனை," என்றாள் வெண்டி. அவள் குரல் அவளுக்கே நன்றாகக் கேட்டது.

அறைக்கு வந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனை மடியில் வைத்துக்கொண்டாள். கர்ட் ஜன்னலோரம் நின்றான். கண்ணாடியில் மழை. நகரம் முழுக்க விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்த விளக்குகள் அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருபத்தைந்து வருஷமாக ஒரு பின்னறையில் உட்கார்ந்திருந்தவள்.

"வெண்டி," என்றான் கர்ட்.

அவளுக்குப் புரிந்தது. அவன் தோள்கள் தாழ்ந்திருந்தன, குரல் கீழே வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை கேட்ட குரல். இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஃபோனைக் கீழே வைக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவன் சொல்வான். சொல்லி முடித்ததும் இருவரும் ஊருக்குத் திரும்புவார்கள், அவ்வளவுதான்.

"நேத்து நான்..."

"நேத்து கூட்டம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே," என்றாள் அவள் வேகமாக. "அத கேட்டப்புறந்தான் எனக்கு நிம்மதியாச்சு கர்ட். அது போதும் எனக்கு."

ஃபோன் அவள் கையிலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கோபம் இல்லை. காருக்குள் கிடந்தவனை இழுத்து வந்தவளை அவன் எப்படிக் கோபிப்பான்?

"ஆமா," என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு."

"இன்னிக்கும் போறியா?"

"போறேன். அதே எடந்தான்."

"குடைய எடுத்துட்டுப் போ."

அவன் குடையை எடுத்துக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது. நடைவழியில் லிஃப்ட்டுக்காக அவன் நிற்பது அவளுக்குத் தெரியும். எழுந்து கதவைத் திறந்தால் போதும். லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, கீழே இறங்கும் சத்தம் கேட்கும்வரை அவள் அசையவில்லை. அதன் பிறகு ஏற்கிறேன் என்பதை அழுத்தினாள். திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன, வருக வருக என்றது. அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதுதான் பயங்கரம்.

கொஞ்ச நேரத்தில், துலூத்தில் ராத்திரி எட்டு தாண்டியிருக்கும், ஃபோன் அடித்தது. லவர்ன்.

"தூங்கப்போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேம்மா. பையன் எங்க? நேத்துலேர்ந்து என் ஃபோன எடுக்க மாட்டேங்கறான்."

"கூட்டத்துக்குப் போயிருக்கான்."

"எந்தக் கூட்டம்?"

"நீங்க சொன்னதுதான். செயின்ட் ஓலாஃப். நேத்தும் போனான்." அவள் நிறுத்தவில்லை, நாக்கு தானாக ஓடியது. "அவனுக்கு ரொம்பப் புடிச்சிருக்காம். மீன் படகுல இருந்த ஒரு பெரியவர் பேசினாராம், அப்படியே உங்கள மாதிரியாம்."

அந்தப் பக்கம் கிழவர் நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

"அப்ப சரிம்மா," என்றார். "நான் வீணா உன்னப் பயமுறுத்திட்டேன், மனசுல வச்சுக்காத. இன்னிக்கு நிம்மதியாத் தூங்குவேன்."

"தூங்குங்க," என்றாள் வெண்டி.