அம்மாவின் அடக்கம்

எங்கள் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்துக்கொண்டு மாதா கோயில் பெஞ்சில் அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும், குப்பத்து மக்களுக்கும், தி. நகர் ஜவுளிக்கடையில் அம்மாவோடு நின்ற அக்காமார்களுக்கும் மகளின் வணக்கம்.

முன் பக்கத்தில் அப்பா எழுதிய வரிகளைப் படித்திருப்பீர்கள். "அன்பும் பொறுமையும் அடக்கமும் கொண்டவர்" என்று தொடங்கி, "நல்லடக்கம் செய்யப்பட்டார்" என்று முடியும். மயிலாப்பூர் அச்சகத்தில் பிழை பார்க்கச் சொல்லி அந்தத் தாளைத் தந்தார்கள். பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல் இரண்டு இடங்களில் இருந்து என்னைப் பார்த்தது. அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அடக்கம் உண்டு. அதை எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"பூசைக்கு வர்றவங்ககிட்ட அதையெல்லாமாடி சொல்லுவாங்க?" என்றார் அப்பா. மடியில் கிடந்த மீன் வலையில் ஒரு சிக்கலைப் பிரித்தார். பிறகு, "எழுது. அவ திட்ட மாட்டா," என்றார்.

அம்மா பிறந்தது பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்தில், மூத்த பெண்ணாக. அடுத்துப் பிறந்தவர் எங்கள் சித்தி. அப்போது குப்பத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எந்நேரமும் கரைக்குப் போகலாம். பெண் பிள்ளைகள் பொழுது சாயும்வரை பொறுக்க வேண்டும். "மத்தியானமே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவோம்டி. அப்பதான் தாங்கும்," என்று அம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அடக்கமான பொண்ணு என்று அம்மாவைத் தெருவே மெச்சியதாம்.

ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகும் அப்பாவுக்கு அம்மா வாழ்க்கைப்பட்டார். மீன் கிடைக்காமல் போட் சும்மா கிடந்த ஒரு பருவத்தில், வீட்டைத் தூக்கி நிறுத்த அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். சில மாதங்களில் சித்தியையும் அழைத்துக்கொண்டார். அக்காவும் தங்கையும் பட்டுப் பிரிவில் எதிரெதிர் மேஜையில் நின்றார்கள்.

புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் அம்மாவைத் தேடி வருவார்கள். "மொதல்ல உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க. புடவ எங்கயும் ஓடிடாது," என்று சொல்லிக் குளிர்ந்த தண்ணீரை நீட்டுவார். அவர் குடிக்க மாட்டார். ஊழியர்களுக்கான கழிப்பறை மொட்டைமாடியில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு படியேற வேண்டும். கடைப் பேச்சில் அதற்கு "மேல போறது" என்று பெயர்.

"இப்பதானம்மா மேல போன?" என்று சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பாராம்.

"மேல போறேன்னா ஒரேயடியா போறவள மாரி பாக்குறாரு பாருக்கா!" என்று சித்தி முணுமுணுக்க, பட்டுப் பிரிவே புடவைக்குள் முகத்தை மறைத்துச் சிரிக்கும். வீட்டுக்கு வந்து சித்தி அதை நடித்துக் காட்டுவார். அம்மாவுக்கு வேறொரு பெருமை இருந்தது. "நான் இன்னிக்கு மேலயே போகலடி!" என்பார். ஒரு தீபாவளிக்கு முதலாளி எல்லாரையும் நிறுத்தி, இடத்தை விட்டு நகராத ஊழியர் என்று அம்மாவைப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். எவர்சில்வர் தண்ணீர்க் குடம்.

தினமும் காலையில் அம்மாவின் நீல நிறப் பாட்டிலை நான்தான் நிரப்பித் தருவேன். மாலையில் வீட்டுப் படியேறி வந்ததும், வாசலில் பெயின்ட் டப்பாவில் வைத்திருந்த செம்பருத்திக்கு அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுத்தான் அம்மா உள்ளே வருவார். களக் களக்கென்று அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் ஹவுஸிங் போர்டு பிளாக்கிலேயே அப்படிப் பூத்த செடி வேறில்லை.

அம்மாவுக்கு நீர் போகும்போது எரியும். சூடு என்றார்கள். வெந்தயம், மோர், மருந்துக்கடை மாத்திரை. கால் வீங்கி வலிக்கும். அதற்கு ஒரு மாத்திரை. கடையில் நிற்பவர்கள் அதை "நிக்கிற மாத்திரை" என்பார்கள். தலை சுற்றியது, பிரஷர் என்று ஒன்று சேர்ந்தது. முகம் உப்பியது, அதற்கும் ஒன்று வந்தது. ஒவ்வொரு மாத்திரையும் சொன்ன வேலையைச் செய்தது. இன்றுவரை என்னைத் தூங்கவிடாதது அதுதான். ஏதாவது ஒன்று தோற்றிருந்தால், யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருப்போம்.

கேட்டவர் ஒரே ஒருவர். அரசு மருத்துவமனையில், என்னைவிடச் சில வயதே மூத்த ஒரு பெண் மருத்துவர். ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்றார்.

"ஜவுளிக்கடைலமா. நின்னுகினே."

"கால் வலிக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"பேர்லாம் தெரியாதும்மா. நிக்கிற மாத்திரன்னா குடுப்பாங்க."

"பாத்ரூம் எங்க இருக்கு?"

அம்மா வெட்கத்தோடு சிரித்தார். "மேலமா."

மருத்துவர் சிரிக்கவில்லை. பிறகு என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது என்றார். வருடக்கணக்கில் தின்ற வலி மாத்திரை, திரும்பத் திரும்ப வந்த கிருமி, குடிக்காத தண்ணீர், அடக்கிய நீர் எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றிருக்கலாம் என்றார். நான் அப்போது கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து, அதற்கு எந்த மருந்து என்று கண்டுபிடித்து மதிப்பெண் வாங்குகிறவள். கிருமிக்குப் பின்னால் ஒரு மாடிப்படி இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. மாடிப்படிக்குப் பின்னால் ஒரு கடற்கரை. அங்கே பொழுது சாயக் காத்திருக்கும் ஒரு சிறுமி. தோண்டிக்கொண்டே போனால் எங்கே நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டயாலிசிஸ் தொடங்கியபின், அளந்துதான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றார்கள். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் வேண்டாம் என்றிருந்த அம்மா, கடைசி மாதங்களில் தண்ணீர் கேட்டார். "ஒரே ஒரு மடக்குடி. தொண்டைய நனச்சிக்கிறேன்." நான் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுவேன். அம்மா அந்தத் துணியை உதட்டால் பிடித்துக்கொள்வார். பிறகு கேட்பதையும் நிறுத்திக்கொண்டார். அதையும் அடக்கிக்கொண்டார். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்த மறுநாள் காலை, அப்பாவின் கையைப் பிடித்தபடி அம்மா கண் மூடினார்.

அம்மா போனபின் செம்பருத்தி வாடியது. எங்களில் யாருக்கும் அதன் பக்கம் போக மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் அது துளிர்த்தது. சில வாரங்களில் டப்பாவே தெரியாமல் பூத்தது. பிளாக்கில் உள்ளவர்கள் வந்து பார்த்துவிட்டு, "உங்கம்மா வந்துட்டா பாரு," என்றார்கள். அப்பா செல்போனில் படம் எடுத்தார். இந்த மலரின் அட்டையில் போடலாம் என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஒரு மாலை அந்தச் சத்தத்தைக் கேட்கும்வரை.

களக் களக்.

அம்மா என்றுதான் எழுந்து ஓடினேன். வாசலில் சித்தி நின்றிருந்தார். கடை விட்டதும் எங்களைப் பார்த்துவிட்டுப் போக தினமும் வருகிறவர், தன் பாட்டிலைச் செடிக்குக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை நிறைந்த பாட்டில்.

"இன்னாடி, பேயடிச்ச மாரி நிக்கிற?" என்றார் சித்தி.

"தினமும் இவ்ளோ தண்ணியா ஊத்துற?"

"குடிக்கலன்னா கொட்டத்தான வேணும்? அக்கா செடி. காயக்கூடாதுன்னுதான்."

"சித்தி, உனக்கு எரியுதா?"

சித்தி பாட்டிலை மூடினார். மூடியைத் திரும்பத் திரும்பத் திருகினார். "சூடுதான்டி. மாத்திர போட்டுகினுதான் கீறேன்," என்றார்.

அந்த வாரமே சித்தியை அதே மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கிருமி இருக்கிறது, சிறுநீரகம் தப்பியிருக்கிறது என்றார் அவர். மருந்துச் சீட்டைப் பார்த்த சித்திக்குக் கோபம் வந்துவிட்டது. "இவங்களும் மாத்திரதான குடுத்தாங்க? இதுக்கு எதுக்குடி என்ன இவ்ளோ தூரம் இட்டாந்த?"

"மாத்திரையும் வேணும் சித்தி. ஆனா மாத்திரைய மட்டும் போட்டுட்டு தண்ணியச் செடிக்கு ஊத்துனா, அடுத்த பூசைக்கு உன் படத்ததான் போடணும்."

"வாய் நீளுதுடி உனக்கு," என்றவர், மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் கடையில் நடந்ததை அவரோடு நின்ற அக்காமார்கள்தான் எனக்குச் சொன்னார்கள். முகூர்த்த மாதக் கூட்டம். சித்தி மேஜையை விட்டு நகர்ந்ததும் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி நின்று அவரைப் பார்த்து, "அண்ணே, எங்கக்கா ஒரேயடியா மேல போயிட்டா. நான் போய்ட்டு வர்றதுக்குதான் கேக்குறேன்," என்றாராம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் வழிவிட்டார். சித்திக்குப் பின்னால் இன்னும் இருவர் படியேறினார்கள்.

அம்மாவின் நோய்க்காலத்தில் துணை நின்றவர்களுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கேள்வி கேட்ட அந்த மருத்துவருக்கும், டயாலிசிஸ் வார்டு செவிலியர்களுக்கும், வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஆட்டோவில் அழைத்துப் போய் வந்த எதிர் வீட்டு மாமாவுக்கும், ஜெபித்த குப்பத்து மக்களுக்கும் நன்றி. கடை அக்காமார்களே, ஞாயிறுதோறும் வந்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டீர்கள். உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்? வாசலில் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறோம். பூசை முடிந்ததும் குடித்துவிட்டுப் போங்கள். கழிப்பறை கோயிலுக்குப் பின்புறம், தரைத்தளத்தில்தான்.

அட்டையில் செம்பருத்திப் படம் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதன் காரணம் அப்பாவுக்கு இப்போது புரியும்.

இதை எழுதி முடிப்பதற்கு முன், நேற்று மாலை சித்தி வந்து பாட்டிலைச் செடியின் மேல் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. இரண்டு முறை உதறிக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தபடி உள்ளே போனார். இலைகள் தொங்கிப்போயிருந்தன. அம்மாவின் பரிசுக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுவந்து ஊற்றினேன்.