சிட்னி–மெல்பேண்: 706 கிலோமீற்றரும் ஒரு ராகு காலமும்

பெரியவர்கள் எழுதும் இந்தச் சுற்றுமடலில் நானும் எழுதுவதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்காதவள் நான். ஆனாலும் மெல்பேணுக்கு விமானத்தில் போக நினைப்பவர்களுக்கு என் கணக்கு உதவக்கூடும்.

போன யூலையில் ஒரு திங்கட்கிழமை, மெல்பேண் ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு மணிக்கு எனக்கு நேர்முகம். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சிட்னிக்கு வந்து ஒன்பது மாதமாகியும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. ரயிலென்றால் பதின்மூன்று மணித்தியாலம். விமானத்தில் 706 கிலோமீற்றர், நாங்கள் பழகிய கணக்கில் 439 மைல், ஒன்றேகால் மணித்தியாலம்.

லிட்கம்மில் நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டிலிருந்து அத்தானின் காரில் மூவருமாக ஆறேகாலுக்குப் புறப்பட்டு ஏழு மணிக்கு விமான நிலையம் சேர்ந்தோம். எட்டு மணி விமானம். அங்கே போன பிறகுதான் அக்கா கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தாள்.

“திங்கள் ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகு காலம். ஒன்பதேகால் பிளேனுக்கு மாத்து.”

ஒன்பதேகாலுக்கு ஏறினால் பத்தரைக்குத்தான் இறங்கலாம். மெல்பேணின் துல்லாமரீன் விமான நிலையத்திலிருந்து நகருக்கு 23 கிலோமீற்றர்; பஸ்ஸில் முப்பத்தைந்து நிமிடம், பஸ்ஸுக்குக் காத்திருப்பது வேறு. நேர்முகம் போய்விடும்.

“அக்கா, இது யாழ்ப்பாணத்தில அடிச்ச பஞ்சாங்கம். நான் எட்டு மணிக்கு ஏறேக்க அங்க விடிய மூண்டரை. ராகு இன்னும் எழும்பியிருக்க மாட்டார்.”

அத்தான் சிரித்துவிட்டார். “விடுமப்பா, அவள் சொல்லுறது சரிதானே.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இந்த வாயை அங்க போய்த் திற. என்னட்ட மட்டும்தான் உனக்குக் கதை.” பிறகு குரலை இறக்கினாள். “வேலை கிடைச்சாலும் தனிய இருக்க விடமாட்டன். எங்கட ஆக்கள் வீட்டில ஒரு அறை கிடைச்சாத்தான் போகலாம்.”

“ஓம்” என்றேன். வேறென்ன சொல்வது?

எட்டு பத்துக்கு எழும்பி ஒன்பது இருபத்தைந்துக்கு இறங்கினோம். இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். குளிர்காலமானால் பனி மூடிய மலைகள் தெரியும். தேநீரை ஆறவிடாதீர்கள், கோப்பையைத் திரும்ப வாங்க உடனே வந்துவிடுவார்கள்.

நேர்முகத்தில் மூன்று பேர். “பயணம் எப்படி?” என்பதுதான் முதல் கேள்வி. ராகு காலக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். அதன்பின் இரத்த அணுக்களைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் குரல் நடுங்காமல் பதில் சொன்னேன்.

விமான நேரத்தை மட்டும் நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து மெல்பேண் நகர் வரை எனக்கு நாலு மணித்தியாலம் பிடித்தது. கைப்பையோடு மட்டும் போனால் பத்து நிமிடம் மிச்சம். தடித்த கோட் அவசியம்.

வேலை கிடைத்துவிட்டது. வருகிற மாதம் முதலாம் திகதி தொடங்க வேண்டும். அக்கா தன் நிபந்தனையை மறக்கவில்லை. அதனால், இவ்வளவு நேரமும் கூச்சத்தில் தள்ளிப்போட்டதைக் கேட்டுவிடுகிறேன்: மெல்பேணில் இதை வாசிப்பவர்கள் எவர் வீட்டிலாவது எனக்கு வாடகைக்கு ஓர் அறை இருக்கிறதா? ஒரு வரி எழுதினால் போதும். எந்தக் கிழமையானாலும் எட்டு மணி விமானத்தில் வந்துவிடுவேன்.