ஊதா டயல்

என் வீட்டுக்காரருக்குக் கண் ரொம்பக் கூர்மை. டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே வரிசையாக ஓடிவரும் டைல்ஸில் ஒன்று மட்டும் துளி நிறம் மாறியிருந்தாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். அப்படி ஒதுக்கியதைச் சல்லிசாக வாங்கித்தான் எங்கள் குளியலறைக்குத் தரை போட்டோம். ஒரு கட்டம் சந்தன நிறம், பக்கத்துக் கட்டம் அழுக்குச் சந்தனம். கேட்டால், "குளிக்கத்தானே போற, கலர் பார்த்து என்ன பண்ணப்போற?" என்பார்.

அந்த மனிதருக்குக் கைக்கடிகாரப் பைத்தியம். பழங்காலத்துக் கடிகாரம் இல்லை, இன்றைக்குக் கடையில் கண்ணாடிக்குள் வைத்து விற்கிற விலை உயர்ந்த புதுசு. அதிலும் எல்லாரும் வாங்குவது அவருக்கு ஆகாது. கம்பெனி பாதியில் நிறுத்தியது, எழுத்து இடம் மாறி அச்சானது, முள்ளின் நுனி மட்டும் வேறு நிறத்தில் வந்தது என்று ஏதாவது ஒரு கோணல் இருந்தாக வேண்டும். "இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும், இதெல்லாம் கிளாசிக் ஆயிடும்டி" என்பார். தொழிற்சாலையில் கோணலைத் தூக்கி எறிகிறவர், வீட்டில் கோணலைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வார் அறுந்த கைப்பையை நான் தைத்துத் தைத்து மாட்டியதெல்லாம் அந்தப் பீரோவுக்காகத்தான்.

சரி, கட்டுவாரா என்றால் அதுவும் கிடையாது. பின்பக்கம் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க மாட்டார். அவர் கையில் கிடந்தது நடைபாதையில் வாங்கிய ரப்பர் வார் கடிகாரம்.

பீரோவுக்குள் அவருடைய செல்லம் ஒரு நீல டயல் கடிகாரம். அந்த மாடலில் முதல்முதலாகச் செய்த கொஞ்சத்துக்கு மட்டும் சாயம் சரியாக அமையவில்லை. வெளிச்சம் படப்பட நீலம் மெல்ல ஊதாவாக மாறும். கம்பெனி அதைக் கோளாறு என்று சொல்லிச் சாயத்தை மாற்றிவிட்டது. அதனாலேயே சேகரிக்கிறவர்கள் அந்த ஊதாவுக்காக அலைந்தார்கள். வேலை முடிந்து வந்ததும் இவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அதை ஜன்னலோரம் எடுத்துப்போவார். "ஓரத்துல நல்லா பழுத்து வருது பாரு" என்று சிரிப்பார். மகள் பள்ளியில் வாங்கிய கோப்பையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பாள். "வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்லு" என்பார்.

இருந்தது அவள் ஒருத்திதான். இன்னொரு பெண்ணாக இருந்தால் அந்தக் கடிகாரத்தை எடுத்துக் கிணற்றில் போட்டிருப்பாள். இவளோ, அப்பா எதைப் பார்த்துச் சிரிக்கிறாரோ அதன்மேலேயே ஆசை வைத்தாள். "அதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்பாள். "சொன்னா உனக்குப் புரியாது" என்று பீரோவைச் சாத்துவார். ஒருமுறை நல்ல மூடில் இருந்தபோது, "ரிட்டையர் ஆகுற அன்னைக்கு இதைக் கட்டுறேன். நீயே மாட்டிவிடு, போதுமா?" என்றார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை. படித்து, பிசியோதெரபிஸ்ட் ஆகி, வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகும் போனில் அதே பேச்சுதான். அப்பாவின் கையை உரிமையோடு பிடிக்க அவளுக்குக் கிடைத்த ஒரே நாள் அது. பாவம், வேறென்ன கேட்டாள்?

அந்த நாளும் நெருங்கியது. கடைசியாக ஒரு வேலையென்று தொழிற்சாலை அவரைப் புதுக் கிளைக்கு அனுப்பியிருந்தது; பிரிவுபசார விழாவுக்கு முந்தின ராத்திரிதான் திரும்புவார். மகள் லீவு போட்டு வந்தாள்.

"அம்மா, அது ஓடுதா?"

ஓடவில்லை. கட்டாமல் கிடந்து கிடந்து உள்ளே எண்ணெய் காய்ந்துபோயிருந்தது. பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஓடவைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது கடிகாரம் பளபளவென்று இருந்தது. எனக்குத்தான் எங்கேயோ இடித்தது.

"அந்த ஊதா எங்கடி?"

"அது கோளாறும்மா. கம்பெனி தப்புங்கறதால, அந்த மாதிரி கடிகாரம் எது வந்தாலும் அவங்களே டயலை மாத்திருவாங்களாம். காசுகூட வாங்கலை. அப்பா ஆடிப்போயிடுவாரு பாரேன்!"

"பழைய டயல்?"

"அதை உடைச்சுப் போட்டுருவாங்களாம்."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, நானே கடிகாரத்தைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தேன்.

பிரிவுபசார விழா அன்று காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவரின் இடது கையைப் பிடித்தாள். "கண்ணை மூடுங்கப்பா" என்றாள். மாட்டிவிட்டாள். அவர் கண்ணைத் திறந்து டயலைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் சுண்டிப்போனது.

"யாரைக் கேட்டுடி இதுல கை வச்ச?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்பா... புதுசு மாதிரி ஆயிடுச்சு."

"புதுசா? புதுசு எவனுக்கு வேணும்? எத்தனை வருஷமாப் பழுத்தது, மொத்தமாக் கொன்னுட்டியேடி!"

"எனக்குத் தெரியலைப்பா. நீங்க சொன்னதே இல்லையே."

"ஒரு கடிகாரத்துக்காகப் பெத்த பொண்ணைப் போய்..." என்று நான் குறுக்கே போனேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பொண்ணு எல்லா வீட்லயும்தான் இருக்கு. இந்த டயல் உலகத்துல எத்தனை இருக்கு தெரியுமா உனக்கு?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். பிடித்த கையை விட்டாள், உள்ளே போனாள், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவர் ரப்பர் வார் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு விழாவுக்குப் போனார். அங்கே அவருடைய கண்ணின் கூர்மையைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்களாம்.

அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து எனக்குப் போன் செய்வாள். கல்யாணத்துக்கும் எனக்கு மட்டும்தான் சொன்னாள். நான் ஒண்டியாகப் போய், ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன் என்றதும், "யார் கல்யாணம்?" என்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

அந்தக் கடிகாரம் இனிமேல் கிளாசிக் ஆகாதாம். அதே மாதிரி ஊரில் எல்லாரிடமும் இருக்கிறதாம். அதனால் இப்போது தினமும் அதைத்தான் கட்டுகிறார். பால் வாங்கப் போகும்போதும் கட்டுகிறார், குழாய் ரிப்பேர் பார்க்கும்போதும் கட்டுகிறார். கண்ணாடியில் கீறல்கூட விழுந்துவிட்டது.

நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, தலையைத் தூக்காமலே, "அவ போன் பண்ணாளா?" என்றார்.

"யாரு?"

"நம்ம பொண்ணு."

"பொண்ணு எல்லா வீட்லயும்தான் இருக்கு" என்றேன். "எங்கேயாவது போய்ப் பார்த்துக்குங்க."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.