சவரிமுத்துவை எத்தனை விதமாக எழுதலாம்

பழைய காலண்டர் அட்டை ஒன்று. அதன் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கீபோர்டில் இருக்கும் வரிசையிலேயே ஆங்கில எழுத்துகளை எழுதியிருந்தார் ரெக்கார்டு ரூம் அக்கா. ராயபுரத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் வந்த புதிது. இருபது வருடமாக அலமாரியிலிருந்து கேஸ் ஷீட் எடுத்துக் கொடுத்தவர் அவர். காகிதங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கட்டுகளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மதியம் சாப்பிட்டதும் அட்டையை மடியில் வைத்து இரண்டு விரலால் தட்டிப் பழகுவார். பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஒருநாள் காலை, கெளுத்தி மீன் முள் குத்திச் சீழ் பிடித்த காலோடு ஒரு மீனவரைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சலில் பேச்சு குழறியது.

"நைனாவுக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காதுன்னு முன்ன இங்கதான் சொன்னாங்க. எதுன்னு தெர்லியே" என்று மகள் அழுதாள்.

மகள் சொன்ன பெயரை வைத்து, சவரிமுத்து என்று கம்ப்யூட்டரில் தேடினேன். அப்படி யாரும் இல்லை என்றது திரை. "அஞ்சு நிமிஷம் பார்ப்போம். அதுக்கு மேல ஊசியத் தள்ளிப்போட முடியாது" என்றார் டாக்டர்.

அக்காவைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவர் மகளிடம் கேட்டார்: "குப்பத்துல அவர இன்னான்னு கூப்புடுவாங்க?"

"சவுரின்னுதான்க்கா."

தமிழ்ப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் ஏற்றியிருந்தார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். எஸ்ஸுக்குப் பின் ஏ போட்டார். அழித்து ஓ போட்டார். முத்துவில் 'எச்' எழுத்தை எடுத்துவிட்டு இன்னொரு 'டி' சேர்த்தார். ஒவ்வொரு முறையும் இல்லை, இல்லை. அந்த விரல்கள் அவசரப்படவே இல்லை. ஏழாவது முறை பெயர் வந்தது. வயதும் தெருவும் சரி என்றாள் மகள். கீழே சிவப்பு எழுத்தில், பென்சிலின் ஆகாது.

என் ட்ரேயில் எடுத்து வைத்திருந்தது அந்த வகை மருந்துதான். அதை எடுத்து அப்பால் வைத்தேன். டாக்டர் வேறு மருந்து எழுதினார். பத்தாம் நாள் அந்த மனிதர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இன்று எங்கள் வார்டில் நோயாளியின் கையில் கட்டிய பட்டையை மெஷினில் காட்டினாலே முழு விவரமும் வந்துவிடுகிறது. ஆனாலும் அன்று கண்டதைப் போன்ற ஒன்றை நான் பிறகு காணவில்லை. அன்று அவருக்கு ஊசி போட்டு முடித்து வந்தேன். அக்கா டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு ஆளு பேர எப்டித் தட்னாலும் வர்ற மாதிரி பண்ண முடியுமா? அடுத்த தபா நான் லீவுல இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

டீயை அப்படியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் ஆட்களிடம் கேட்டுவர அக்கா மாடிப்படி ஏறினார்.