செருப்பு கழன்றது தெரியாத கால்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ஒருநாள் மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேற்பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தபோது ஒருத்தி சிரித்தாள். பிறகு நிரை முழுவதும் சிரித்தது.

"ஐயா, ஒத்தக் கால்ல செருப்பு போடுறதுதான் இப்ப நாகரிகமுங்களா?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றதென்றே தெரியவில்லை.

"குடுக்கிற சம்பளத்துக்கு ஒத்தச் செருப்புத்தான் கட்டும்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் சில மாதங்களாகவே பாதங்கள் பஞ்சு கட்டிய மாதிரி இருந்தன. மலை ஏறினால் மூச்சு வாங்கியது. மலை ஏற முடியாத கணக்கப்பிள்ளைக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

அன்று மாலை கால் கழுவும்போது குதிகாலில் அட்டையொன்று ரத்தம் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. கடித்தது எனக்குத் தெரியவே இல்லை! முடிந்தது கதை, பெருவியாதிதான், குஷ்டம்தான் என்று தீர்மானித்துவிட்டேன். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு குவளையை ஒதுக்கினேன். என் நல்ல குடையை மச்சானுக்கு எழுதி வைக்காத குறையாகத் தூக்கிக் கொடுத்தேன். பாயைத் திண்ணைப் பக்கம் இழுத்துப் போட்டதும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, எம்மேல கோவமா?"

சொன்னேன். அட்டையைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது. அவளோ சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட்டை கடிச்சா யாருக்குங்க தெரியும்? அப்படிப் பார்த்தா இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் பெருவியாதிதான். எந்திரிங்க, டாக்டர் ஐயாகிட்ட போவோம்."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரைத்தான் நாங்கள் டாக்டர் ஐயா என்போம். ஊசி முனையால் காலைக் குத்திப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று சிவந்திருந்தது, கொஞ்ச நாளாக எரியவும் செய்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது.

"பெருவியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கறி மீன் சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க. மகளுக்குக் காய்ச்சல் கண்டப்ப கதிர்காமத்துச் சாமிக்கு நேந்துகிட்டு விட்டேன். அவளுக்கு இப்ப கல்யாணமே ஆயிருச்சு."

"பாலு, தயிரு?"

"அதையும் விட்டுட்டேன். சாமிக்குக் கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமேன்னு."

பால் விடாத வெறும் சாயத்தண்ணியும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான் பல வருஷமாக என் ஆகாரம். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ரத்தத்துக்கும் நரம்புக்கும் பி பன்னிரண்டு என்று ஒரு விட்டமின் வேண்டுமாம், கறி, மீன், முட்டை, பாலில் அது இருக்கிறதாம், தேயிலையில் இல்லையாம். தேயிலையை நம்பி ஒரு மலைநாடே பிழைக்கும்போது என் கால் மட்டும் பிழைக்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து அதையேதான் சொன்னார்கள். ஊசியில் ஏற்றிய மருந்தைப் பார்த்ததும் படுத்திருந்தவன் எழுந்துவிட்டேன். மாதுளஞ்சாறு போலச் சிவப்பு.

"ஐயா, இது ஆட்டு ரத்தமா? எனக்கு நேத்தி இருக்குதுங்க!"

"ரத்தம் இல்லப்பா, மருந்து. திரும்பிப் படு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு குவளைப் பாலை நீட்டினாள்.

"கறி மீனத்தானே விடுறேன்னீங்க? சாமிக்கே பால்காவடி எடுக்கிறோம். அவரு குடிக்கிறத நீங்க குடிச்சா கோவிச்சுக்குவாரா?"

குடித்தேன். ஊசியும் தொடர்ந்தது. முதலில் மூச்சிரைப்பு நின்றது, பிறகு நாக்கெரிச்சல் போனது. கால் மட்டும் பிடிவாதமாகப் பஞ்சாகவே கிடந்தது. நரம்பு மெதுவாகத்தான் திரும்புமென்று டாக்டர் ஐயா சொன்னார். திரும்புமா, பாதி வழியில் நின்றுவிடுமா என்று நான் தினமும் கால்விரல்களைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து நடந்தபோது, வெட்டிப் போட்ட குச்சியொன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. "ஐயோ!" என்று அலறி உட்கார்ந்தேன். அடுத்த கணம், "வலிக்குதுடா! வலிக்குதுடா!" என்று கத்தினேன். கவ்வாத்துக்காரர்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவி காயத்தில் மஞ்சளை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குது புள்ள."

இன்னும் பலமாக அழுத்தினாள். நான் துள்ளினேன்.

"நெசமாவே வலிக்குதுதான்" என்று சொல்லி, முகத்தைத் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.