சக்கர மோட்டார் எப்போது வரும்?

மின்சாரச் சக்கர நாற்காலி விற்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. வாடிக்கையாளர்கள் அனுப்பும் கேள்விகளுக்குக் கணினியில் பதில் எழுத வேண்டும். அதனால் இரண்டாம் மாடியில் எல்லோருக்கும் அவள் பதிலக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பதில் எழுத அங்கே ஒரு முறை இருந்தது. இல்லை, முடியாது, தெரியாது, இந்த மூன்றும் கூடவே கூடாது. இல்லை என்பதற்கு 'விரைவில் கிடைக்கும்'. முடியாது என்பதற்கு 'பரிசீலனையில் உள்ளது'. தெரியாது என்றால் 'ஆவன செய்யப்படும்'. இதைச் சொல்லிக்கொடுத்த மேற்பார்வையாளருக்கு, முதுகுக்குப் பின்னால், ஆவன மேடம் என்று பெயர். அது அவர் காதிலும் விழுந்திருக்கும், அதற்கும் ஆவன செய்திருப்பார் என்று சிரித்துக்கொள்வார்கள்.

பதிலக்காவும் கூடச் சிரிப்பாள். ஆனால் அவள் வீட்டிலேயே ஒரு கேள்வி மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கணவர் கடல் தாண்டி, ஒரு துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக். போகும்போது ஒன்றரை வருடம் என்றார். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டால் பார்க்கலாம், பேசிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரமே என்று பிடி கொடுக்காமல் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை போனிலும் அதே வழவழா கொழகொழா. அவள் கேட்டதெல்லாம் ஒரு தேதி. மாதம் ஒருமுறை அவருடைய சட்டைகளை எடுத்து உதறி, மறுபடி மடித்து வைப்பாள். கட்டிலில் சுவரோரம் அவர் பக்கம். தூக்கத்தில்கூட அவள் அந்தப் பக்கம் உருண்டதில்லை.

அப்பா எப்போது வருவார் என்று பத்து வயது மகள் கேட்பாள். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவது. சீக்கிரமே என்று ஒருநாள் அம்மா சொன்னதும், "ஆபீஸ்ல எழுதுற மாதிரியே என்கிட்டயும் சொல்லாதம்மா" என்றாள். பதிலக்காவுக்குச் சுருக்கென்றது.

திங்கள்தோறும் ஒரு பெண்மணி எழுதுவார். கணவருடைய நாற்காலியில் இடது சக்கர மோட்டார் எரிந்து எட்டு மாதம் ஆகிறது, புதிது எப்போது வரும் என்பார். பதிலக்காவும் திங்கள்தோறும் 'விரைவில்' என்று எழுதுவாள். ஒரு திங்களன்று கேள்வி வேறு மாதிரி வந்தது. 'அவர் தினமும் வெளியே கிளம்புவதற்காகச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இன்று வராது என்றால் சொல்லிவிடுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்கிறேன்.'

அதைப் படித்தபின் அவளால் உட்கார முடியவில்லை. கீழே கிடங்குக்குப் போனாள். ஸ்டோர் அண்ணன் மோட்டாரின் எண்ணைக் கேட்டதுமே உதட்டைப் பிதுக்கினார்.

"இதைச் செய்யறதையே நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சே தங்கச்சி. மேல யாரும் சொல்லலையா?"

"லிஸ்ட்ல இருக்கேண்ணே."

"லிஸ்ட்ல என்னதான் இல்ல? தேடிப்பாரு, என் முடிகூட இருக்கும்" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

மேலே வந்து எழுதினாள். 'அந்த மோட்டார் இனி வராது. செய்வதை நிறுத்திவிட்டார்கள். விரைவில் என்று இத்தனை நாள் எழுதியது நான்தான். விசாரிக்காமலே எழுதினேன். மன்னியுங்கள். வேறு நாற்காலி பார்ப்பதுதான் வழி.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு நாற்காலி சும்மா கிடந்ததாம். தருகிறோம் என்றபோது, மோட்டார்தான் வந்துவிடுமே என்று இவர்கள்தான் வேண்டாம் என்றார்களாம். அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. 'பரவாயில்லை, இன்றே தேடுகிறோம், நன்றி' என்று முடித்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் பரவாயில்லை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஆவன மேடம் கூப்பிட்டனுப்பினார். "உண்மையைச் சொல்றதுக்கு ஒரு பக்குவம் வேணும்மா."

"எட்டு மாசம் பக்குவமாத்தான் மேடம் சொன்னேன்."

இனிமேல் என்னைக் கேட்காமல் எழுதாதே என்பதோடு மேடம் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் பேருந்துக்கு நிற்கும்போது கணவருக்கு எழுதினாள். 'முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க. தாங்கிக்குவேன். சீக்கிரம்னு மட்டும் இனி எழுதாதீங்க.'

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது பதில் வந்தது. 'இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வர முடியாது. ஒப்பந்தத்தை நீட்டிப் போன வருஷமே கையெழுத்துப் போட்டுட்டேன். சொல்லத் தைரியம் வரல. நீ எப்பவும் இங்க எல்லாம் நல்லபடின்னு எழுதுவ. நான் இல்லாமலே நல்லாத்தான் நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்.'

செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு வருடமாக இல்லாத ஒரு தேதிக்காகச் சட்டை மடித்திருக்கிறாள். கோபம் பொங்கியது. கடைசி வரியை இரண்டாம் முறை படித்தபோது அழுகையும் வந்தது. மூன்று வருடமாக அவள் அனுப்பிய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் நல்லபடி. கவலைப்படாதீங்க. இங்க ஒரு குறையும் இல்ல.

வாலு பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் மறைக்கவில்லை, இன்னும் இரண்டு வருடம் என்றாள். வாலு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நான் ஏழாவது படிப்பேன்" என்றாள், மெதுவாக.

பதிலக்கா எழுதத் தொடங்கினாள். 'இங்க எல்லாம் நல்லபடியா இல்ல. திரும்பிப் படுத்தா சுவருதான் தெரியுது. வாலு உங்க பழைய செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்குறா. சமையலறைக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது, நீங்க வந்து பார்ப்பீங்கன்னு ஆளைக் கூப்பிடாம வாளி வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டதுக்கு என் கோபம் தீரல, அது தனி. எனக்கு நீங்க பக்கத்துல வேணும். இதை நான் ஒரு தடவைகூட உங்களுக்கு எழுதினதில்ல.'

அனுப்பிவிட்டு எழுந்தாள். ஞாயிறு தவிர வேறு நாளில் கூப்பிடாத மனிதர், பானை அடுப்பில் ஏறுவதற்குள் கூப்பிட்டார். எடுத்தாள். அவர் கேட்டார்.

"குழாய் எங்க ஒழுகுது? கைப்பிடிகிட்டயா, கீழயா?"

வாலுதான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, போனைப் பிடுங்கிச் சொன்னாள்.